வரலாற்று நூலார் காலப் பகுப்பு

கால தத்துவத்தின் தொழில் மூன்று என்பது சித்தாந்த நூல்களிற் பயின்றார் நன்கறிந்தது. இறந்த காலத்தில் எல்லையும், நிகழ்காலத்திற் பலமும், எதிர்காலத்திற் புதுமையும் அதனான் விளையும். இவற்றுள் எல்லை என்னும் ஒன்றனையே வரலாற்று நூலார் தம் தொழிலாக மேற்கொண்டு, கழிந்த காலத்தைப் பழங்காலம், இடைக்காலம், புதுக்காலம் எனக் கூறுபடுத்துவர். இக்கூறுபாடு பொருளின்கண் உள்ளதோ, ஆராய்வார் கருத்தின்கண் உள்ளதோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

இம்முப்பகுப்புப் பிறந்த இடம் ஐரோப்பா. உரோமப் பேரரசின் வீழ்ச்சி தொடங்கித் தம் நாள்காறும் உள்ள காலத்தை இருள் மூடிய காலமாகக் கருதி வருந்தியவர் இத்தாலியப் புலவர் பெத்திரார்க்கு (1304-1374). அவர் வழிவந்தோர் பண்டை இலத்தீனக் கல்வி தம் நாளில் மீண்டும் தழைத்ததெனக் கொண்டனர். கொள்ளவே, அப்பண்டைச் சிறப்பிற்கும் தமது சிறப்பிற்கும் நடுவே கிடந்த ஏறத்தாழ ஆயிரம் ஆண்டும் 'இடை' என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டுகளில் வாழ்ந்தாரோ அங்ஙனம் எண்ணினாரல்லர். உலகின் இறுதி ஊழியில் தாம் வாழ்வதாகவே அவருட் கற்றோர் பலர் கருதினர். எனவே, இடைக்காலம் என்பது அக்காலத்தார் தமக்கு இட்ட பெயரன்று. பின்வந்தோர் தம்மை உயர்த்துதற்பொருட்டு முன்னோர்க்கு இட்ட பெயரேயாம்.

இப்பகுப்பிற்கு நிலைபேறு அளித்தவர் செருமானிய ஆசிரியர் கிறித்தோபர் செல்லாரியசு (1638-1707). அவர் பழங்காலத்திற்கு 1685-லும், இடைக்காலத்திற்கு 1688-லும், புதுக்காலத்திற்கு 1696-லும் தனித்தனி நூல் வெளியிட்டார். கான்சுதந்தைன் வேந்தன் முதல், 1453-ல் கான்சுதாந்திநோபிள் துருக்கர் வயப்பட்டது ஈறாக இடைக்காலம் என வரையறுத்தார். மாணாக்கர் கற்றற்கு எளிதாமாறு செய்த நூற்பிரிவு, நாளடைவிற் காலத்தின் பிரிவாகவே எண்ணப்படலாயிற்று.

எல்லை இதுவென ஒருமித்துக் கூறுவாரும் இலர். உரோமின் மேற்பகுதி அரசன் நீக்கப்பெற்ற 476-ஐ இடைக்காலத்தின் தொடக்கமாக்குவர் பலர். ஆயின், கீழ்ப்பகுதி மக்களோ 1453 வரையும் தம்மை உரோமர் என்றே வழங்கினர். அவர்க்கு 476-ல் முடிந்தது யாது? முடிவெல்லையைச் சிலர் 1453 என்ப. சிலர் கொலம்பசு கடல் கடந்த 1492 என்ப. சிலர் உலூதர் கிளர்ச்சி தொடங்கிய 1517 என்ப. பிரஞ்சு அறிஞர் ழாக் லெ கோப் (1924-2014) இடைக்காலத்தை 18-ஆம் நூற்றாண்டு வரையும் நீட்டினார். உழவர் வாழ்வையும் ஊர் வழக்கையும் நோக்குவார்க்கு அவர் கூற்றே பொருந்தும்.

இந்தியாவிற்கு முப்பகுப்பு வகுத்தவர் சேம்சு மில். 1817-ல் வெளிவந்த அவரது நூல் இந்து, முகம்மதியர், பிரித்தானியர் என மூன்று காலம் கூறிற்று. அவர் இந்நாட்டில் அடிவைத்தவரல்லர். இந்நாட்டு மொழி ஒன்றேனும் அறிந்தவருமல்லர். முன்னிரண்டற்குச் சமயத்தாற் பெயரிட்டவர் மூன்றாவதனைக் கிறித்தவர் காலம் என்னாது நாட்டாற் பெயரிட்டதும் நோக்கத்தக்கது.

இப்பகுப்புத் தமிழ்நாட்டிற் பொருந்துமா எனின், பொருந்தாது. மூன்றாம் இராசேந்திரனோடு சோழராட்சி முடிந்தது 1279-ல். மாலிக்காபூர் படையெடுப்பு 1311. மதுரைச் சுல்தான்கள் ஆண்டது சற்றேறக்குறைய நாற்பது ஆண்டே. அதன்பின் விசயநகர ஆட்சி பரவிற்று. மில்லின் வழியே கோடு கிழிப்பதாயின் 1311-ல் கிழித்தல் வேண்டும். ஆயின், உமாபதி சிவனாரின் சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235, அஃதாவது கி.பி. 1313 என்னும் காலக்குறிப்பை நூலுள்ளேயே உடையது. படையெடுப்பு நிகழ்ந்து ஏறத்தாழ ஈராண்டில், அதற்கு முந்தைய நூற்றாண்டில் மெய்கண்டார் தொடங்கிய ஆராய்ச்சி அறுபடாது தொடர்ந்து நின்றமைக்கு இஃது எழுத்துச் சான்று. அரசியற்கோடு சமய நூல் வரலாற்றின் குறுக்கே செல்லுமேயன்றி அதனைப் பிரியாது.

இந்நாள் ஆராய்ச்சியாளர் பலர் சமயப் பெயர்களைக் கைவிட்டனர். ஏறக்குறைய கி.பி. 6, 7-ஆம் நூற்றாண்டுகள் முதலாக 'முன்னிடைக்காலம்' என்று ஒன்று வகுத்து, நிலக்கொடை, ஊராட்சி, கோயில் ஆகியவற்றை அளவாகக் கொள்வர். அளவு இன்னதெனக் கூறிப் பகுத்தலின் இது மில்லின் பகுப்பினும் சிறந்ததே. எனினும் அப்பரும் சம்பந்தரும் முதல் இராசராசனும் எவற்றிற்கு 'இடை'யே நின்றார் என்னும் வினாவிற்கு விடை எளிதன்று. ஐரோப்பியப் பெயர் ஈண்டுப் பொருளின்றித் தங்கிவிட்டது.

பகுப்பே வேண்டா என்பதும் அமையாது. பகுப்பின்றி முற்பாடு பிற்பாடு உணர்த்தலாகாது. மாலையும் யாமமும் தம்முட் கலக்கும் கணத்தை ஒருவரும் காட்டமாட்டாராயினும் சிறுபொழுது ஆறு என்றல் பயனுடைத்து. அரசு, மொழி, நிலவரி, சமயம் என்பவற்றுள் எதனை அளவாகக் கொண்டு பகுத்தனர் என்பதே நோக்கற்பாலது. ஒன்றற்கு அமைந்த எல்லை பிறிதொன்றற்கு அமைதல் அரிது.

இக்குறை பிறர் பகுப்பிற்கே உரியதென்றும் கருதற்க. மெய்கண்ட சாத்திரம் பதினான்கு என்னும் சைவர் தொகையுள் திருவுந்தியாரும் திருக்களிற்றுப்படியாரும் அடங்கும். அவ்விரண்டும் 12-ஆம் நூற்றாண்டின எனக் கொள்ளப்படுவன. மெய்கண்டாரோ 13-ஆம் நூற்றாண்டினர்.