பையில் கூல் லிப் இருந்தால் டி.சி.யா?

கூல் லிப் ஒரு சின்னப் புகையிலைப் பொட்டலம். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் புகை வராது, புதினா வாசம்தான் அடிக்கும். பாடம் நடத்துகிற ஆசிரியருக்கு எதிரிலேயே ஒரு மாணவன் போதையில் உட்கார்ந்திருக்கலாம். மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. ஆனாலும் இது பள்ளி மாணவர்களிடம் பரவியிருப்பது குறித்து 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

கோவையில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. டேபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்களை மாநகரப் போலீசார் அடிக்கடி பிடிக்கிறார்கள். இவற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டால் கை சீழ்பிடிக்கலாம். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் தொற்றும் வரலாம்.

பையன் மாட்டிக்கொண்டால் பல பள்ளிகளில் நடப்பது ஒன்றுதான். பெற்றோரை வரச்சொல்லி, "டி.சி. வாங்கிட்டுப் போயிருங்க" என்பார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்து நிற்கிற மில் தொழிலாளி என்ன பேசுவார்? கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பையன் அடுத்த வாரமே ஒர்க்‌ஷாப்பிலோ பனியன் கம்பெனியிலோ இருப்பான். கையில் வாரச் சம்பளம், பொட்டலம் விற்பவனுக்கு அவன் இன்னும் பக்கம். அவனைத் தினமும் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு வாத்தியாரும் அங்கே கிடையாது.

தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அடிப்பதையும் மனரீதியாக வதைப்பதையும் அது தடைசெய்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அந்தச் சட்டத்தின் காவல் இல்லை. பழக்கம் தொற்றுகிற வயதோ பெரும்பாலும் அதுதான். அங்கே தலைமையாசிரியர்கள் பொறுமை காட்டியே ஆகவேண்டும்.

சட்டத்தின் கோபம் விற்பவன் மேல்தான். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது, புகையிலை, போதைப்பொருள் கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டுவரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதையும் விற்கக்கூடாது. எந்தப் பெட்டிக்கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தால் 10581-க்குச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்தே பல வீடுகள் மறைக்கின்றன. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து முடித்தால், உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடரக்கூடாது என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவே சொல்கிறது. சிறுவனை லாக்-அப்பில் வைக்கவும் கூடாது.

வீட்டில் பேச்சை எடுப்பதுதான் கஷ்டம். பையை உதறிக் கொட்டி, "எவன்டா குடுத்தான்?" என்று ஆரம்பித்தால் பையன் வாயை மூடிக்கொள்வான். "ஏன் கண்ணு, ரெண்டு நாளா சோறு எறங்க மாட்டேங்குதே, ஒடம்புக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, அவன் பேசும்வரை காத்திருங்கள். மாத்திரைப் பழக்கத்தைத் திடீரென நிறுத்தினால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், தூக்கம் வராது. நடிக்கிறான் என்று அறையில் பூட்டிவிடாதீர்கள். மருந்து கொடுத்து இதைத் தணிக்க முடியும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். மனநல ஆலோசனைக்குப் போனில் பேச 14416 உண்டு, போதை மீட்புக்கென்றே 14446, குழந்தைகளுக்கு 1098. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை.

விட்டவன் மறுபடி தொட்டால் மனம் உடைந்துவிடாமல் மறுபடி கூட்டிப்போங்கள். இது திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய், மருத்துவர்களுக்கு அது தெரியும்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டு, சான்றிதழைப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது. உள்நோயாளியாக இருக்கும் நாள் முழுவதும் பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். "விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.