நோயாளியைத் தூக்குபவரின் இடுப்பு

கட்டுக்கரைக் குளத்து வயல்களில் நெல்மூட்டை சுமந்தவர்களுக்கு இடுப்பு நோவைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. அதே நோவு வைத்தியசாலைத் தாதிமாரையும் வாட்டுகிறது. மூட்டையைப் பிடிக்க மூலை உண்டு. நோயாளிக்கு அது இல்லை. அவர் அசைவார், வழுக்குவார், பயத்தில் தூக்குபவரின் கழுத்தைக் கட்டிப்பிடிப்பார்.

அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் 1991இல் வகுத்த கணக்கின்படி, எல்லாம் வசதியாக அமைந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க பாரம் 23 கிலோதான். அக்கணக்கை நோயாளருக்குப் பொருத்தி 2007இல் வெளியான ஆய்வு, 16 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றது. 50 கிலோ நிறையுள்ள ஒருவரை இருவர் தூக்கினால் ஆளுக்கு 25 கிலோ.

துலாக் கிணறு அறிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். துலாவின் நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறு வாளிக்கு ஈடாகக் குட்டைப் பக்கத்தில் பெரும் பாரம் வேண்டும். கையை நீட்டிக் குனிந்து தூக்கும்போது இடுப்புத் தசையே அந்தக் குட்டைப் பக்கம். அதன் இழுவை முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் உள்ள தட்டுகளை நசுக்குகிறது. வளர்ந்தவரின் தட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆகவே அவை மெதுவாகவே ஆறும். வயது ஏற ஏறத் தசை மெலிகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் உறுதியும் குறைகிறது. வார்ட்டில் வேலை மட்டும் குறைவதில்லை! தூக்கும் முறையைப் படிப்பித்தால் போதும் என்பார்கள். போதாது, ஆளும் வேண்டும், தூக்கும் கருவியும் வேண்டும்.

1990இல் மடு, பேசாலை முகாம்களிலும் 2009இல் மெனிக் பாமிலும் தங்கியவர்களுக்கு வேறொன்றும் தெரியும். நடக்கமுடியாத மாமியாரைப் பாயிலிருந்து எழுப்பும் மருமகளும் ஒரு தாதிதான். தரையிலிருந்து தூக்குவதே இடுப்புக்கு மிகக் கொடியது.

ஆகவே கூடியவரை தூக்காதீர்கள். பழைய போர்வையை மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரியுங்கள். இருபுறமும் இருவர் நின்று, முழங்காலை மடித்து, போர்வையைப் பிடித்துச் சறுக்குங்கள். முடிந்தால் அவரும் காலை ஊன்றி உந்தட்டும். எழுப்பும்போது முதலில் பக்கமாகத் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, பிறகு முழங்கையை ஊன்றச் சொல்லுங்கள். இடுப்புப்பட்டி கட்டினால் எதையும் தூக்கலாம் என்பது வீண் நம்பிக்கை.

நோவு வந்தால் நாட்கணக்கில் படுத்திராமல், சூட்டு ஒத்தடம் கொடுத்து மெல்ல நடமாடுங்கள். ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கிடையே மரத்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.