சாரின் மெசேஜ் க்ரூப்பில் வருகிறதா, தனியாக வருகிறதா?

அப்பா பள்ளி ஆசிரியர். மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். இருவரும் ஃபேஸ்புக்கில் தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டால் அப்பா சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவார். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு இப்படியொரு நிலைமை வர இருந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் ஆளுநர் ஜே நிக்சன் கையெழுத்திட்ட மாணவர் பாதுகாப்புச் சட்டத்துக்கு, சிறுவயதில் தன் ஆசிரியரால் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் பெயரையே வைத்திருந்தார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாணவரிடம் தவறாக நடந்து ஒரு பள்ளியிலிருந்து வெளியேறிய ஆசிரியர், சத்தமில்லாமல் அடுத்த ஊர்ப் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிடுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. சிக்கல் ஓர் உட்பிரிவில் இருந்தது. இப்போது படிக்கிற மாணவரோ முன்பு படித்தவரோ, அவரோடு மட்டும் தனித்துப் பேச வழி தருகிற, பணி சாராத இணையதளம் எதையும் ஆசிரியர் பயன்படுத்தக் கூடாது என்றது அது.

ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் போனது. சட்டம் ஆகஸ்ட் 28 அன்று நடைமுறைக்கு வர வேண்டும். இரண்டு நாள் முன்னதாக, 26ஆம் தேதி, நீதிபதி ஜான் பீட்டம் அந்தப் பிரிவுக்குத் தடை விதித்தார். ஆசிரியராக இருக்கும் பெற்றோர் சொந்தப் பிள்ளைகளோடு பேசுவதைக்கூட இது தடுக்கும், பேச்சுரிமையை முடக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் சட்டமன்றமே அந்தப் பிரிவை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனக்கான விதியைத் தானே எழுதிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது.

மறு ஆண்டு நியூயார்க் நகரக் கல்வித் துறை நெறிமுறை வெளியிட்டது. பள்ளி வேலைக்கு ஒரு கணக்கு, சொந்த வாழ்க்கைக்கு வேறு கணக்கு. சொந்தக் கணக்கில் மாணவரை நண்பராகச் சேர்க்கக் கூடாது. மிசௌரியைவிட நிதானமான ஏற்பாடுதான். ஆனால் செல்பேசிக் குறுஞ்செய்தியைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

நம் ஊரில் எல்லாம் நடப்பதே செல்பேசியில். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, பாடம் வாட்ஸ்அப்புக்குக் குடியேறியது. பள்ளிகள் திறந்த பிறகும் க்ரூப்புகள் கலையவில்லை. வகுப்புக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, ஆண்டு விழா நடனத்துக்குத் தனியாக ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்குக் கரும்பலகையைப் படம் எடுத்துப் போட்டு, ‘நாளைக்கு டெஸ்ட்’ என்று ஒரு வரி வரும். அதன் கீழே வரிசையாக ‘ஓகே மிஸ்’, ‘எஸ் மிஸ்’, கூப்பிய கைகள். நடுவில் யாரோ ஒரு மாமா போட்ட ரோஜாப்பூக் காலை வணக்கம். பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்பும். வீட்டுப்பாடம் அப்போதுதான் பிள்ளையின் கைக்கு வரும். ‘க்ரூப்பில் போட்டேனே, பார்க்கலையா?’ என்று மறுநாள் கேட்கிற ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

க்ரூப்பில் சேர்ந்த எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகள் என்றால் மிஸ்ஸின் எண்ணும் டிபியும் நாற்பது வீட்டுக்குப் போகின்றன. பிள்ளைகளின் எண்கள் ஒருவருக்கொருவர் போகின்றன. இரவு பதினொரு மணிக்கு ‘மார்க் ஏன் குறைஞ்சது?’ என்று கேட்கும் பெற்றோரைச் சமாளிப்பது ஆசிரியரின் சம்பளத்தில் சேராத வேலை. இதற்கெல்லாம் செயலிக்குள்ளேயே வழி உண்டு. அட்மின் மட்டும் பதிவிடலாம் என்ற ஏற்பாடு 2018இலேயே வந்துவிட்டது. 2023இல் வந்த ‘சேனல்’ வசதியில் பின்தொடர்பவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. அறிவிப்புக்கு இதுவே போதும், ஆனாலும் பழைய க்ரூப்பை விட்டு நகர மனசு வருவதில்லை.

யாராவது கண்டதைப் போட்டுவிட்டால் அட்மினாக இருக்கிற நம் தலையில் விழுமோ என்ற பயமும் ஆசிரியர்களுக்கு உண்டு. கரூர் வழக்கறிஞர்கள் க்ரூப் தொடர்பான வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: ஒருவர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால், அவரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது க்ரூப்பைப் பற்றி அல்ல. அங்கே முப்பது பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே எண்ணைத் தொட்டால் திறக்கிற தனி அறையில்தான் மூன்றாவது ஆள் கிடையாது. ‘சாப்பிட்டியா?’, ‘டிபி நல்லா இருக்கு’, ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று மெல்ல நகர்கிற பேச்சு எதுவும் க்ரூப்பில் வராது. நல்ல ஆசிரியரும் தனிச்செய்தி அனுப்புவார், மறுக்கவில்லை. பத்து நாளாக வராத பையனை விசாரிப்பார், அழுதுகொண்டே போன பெண்ணைத் தேற்றுவார். அதை அம்மாவின் எண்ணுக்கோ, அம்மாவும் சக ஆசிரியர் ஒருவரும் சேர்ந்த சிறு க்ரூப்பிலோ செய்வதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மாணவியோடு ‘மறையும் செய்தி’ வசதியைப் போட்டுக்கொண்டு பேசுகிற ஆசிரியருக்கு மட்டும் எந்த விளக்கமும் கிடையாது என்பது என் கருத்து.

நம் சட்டம் மிசௌரியைப் போல இணையதளத்தைத் தடுக்கவில்லை, நடத்தையைப் பிடிக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 11ஆவது பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ மின்னணு வழியிலோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையே பாலியல் தொந்தரவு என்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும். தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

2021 மே மாதம் சென்னையின் தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீது முன்னாள் மாணவிகள் புகார் சொன்னதும் சமூக ஊடகத்தில்தான். ஆசிரியர் போக்சோ சட்டத்தில் கைதானார். அதற்குப் பிறகே, இணைய வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும் என்று தமிழக அரசு நெறிமுறை வகுத்தது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைக்கு அப்படியொரு செய்தி வந்தால் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகக் கல்வி உதவி எண் 14417. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்’ என்று தலைமையாசிரியர் சொன்னால் ஒன்றை நினைவூட்டலாம்: குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோவின் 21ஆவது பிரிவின்படி குற்றம். சாதாரண ஆளுக்கு ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை.