ஷோகிப் புதிரும் பழைய பொறியும்: பிழை எவருடையது?

சப்பானியர் ஆடும் சதுரங்கத்திற்கு ஷோகி என்று பெயர். 81 கட்டங்கள், ஆளுக்கு 20 காய்கள். நாம் அறிந்த சதுரங்கத்தினின்றும் அதனைப் பிரித்துக் காட்டுவது ஒரு விதி. வெட்டுண்ட காய் பெட்டிக்குள் போவதில்லை. வெட்டியவர் கைக்குப் போகிறது. அவர் வேண்டியபோது அதனைத் தம் காயாகப் பலகையில் இறக்கிக்கொள்ளலாம்.

இதனடியாகப் பிறந்த புதிர்வகை ட்சுமே ஷோகி எனப்படும். தாக்குவோர் ஒவ்வொரு நகர்த்தலிலும் முற்றுகை கொடுத்தே தீரவேண்டும். தற்காப்போர் இயன்ற அளவு நீட்டிப்பார். பலகையிலும் தாக்குவோர் கையிலும் இல்லாத காய்களெல்லாம், அரசன் நீங்கலாக, அவருடையவை. இக்கலை பழமையானது. இதோ கன்ஜு என்பார் 1755-இல் தொகுத்த நூற்றில் கடைசிப் புதிர் 611 நகர்த்தல்களில் முடியும். அதனை விஞ்சிய ஒன்று, 873 நகர்த்தல் கொண்டது, 1955-இல்தான் தோன்றியது.

1980-களில் ஷோகி காசு போட்டு ஆடும் பொறிகளுக்குள்ளும் புகுந்தது. ஆல்பா டென்ஷி நிறுவனம் 1982-இல் ஒன்றை வெளியிட்டது. அக்காலப் பொறிகள் இன்று அருகிவிட்டன. அவற்றின் சில்லுகளில் பதிந்த நிரலைப் படித்தெடுத்து, கணினியைப் பழைய பொறிபோல் நடக்கச் செய்யும் 'எமுலேட்டர்' என்னும் பெயர்ப்பு நிரல்களிலேயே அவ்விளையாட்டுகள் பெரும்பாலும் உயிர் வாழ்கின்றன. அவற்றுள் பெயர் பெற்றது 1997-இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம்.

இத்தகைய நிரலில் ஒருவர் புதிரை ஆடுகிறார். தாம் கண்ட விடை சரியே என்று உறுதியாக நம்புகிறார். பொறியோ தவறென்று தள்ளுகிறது. உடனே 'பெயர்ப்பு நிரலில் பிழை' என்று எழுதிவிடுவது எளிது. ஆயின் பிழை நான்கு இடங்களில் இருக்கக்கூடும்: ஆடியவரிடம், புதிரை ஆக்கியோரிடம், மூலப் பொறியில், பெயர்ப்பில்.

முதலாவதே மிகுதி என்பது என் எண்ணம். ஷோகியில் 'உச்சிஃபுஸுமே' என்றொரு தடை உண்டு. கையிலுள்ள காலாளை இறக்கி இறுதி முற்றுகை இடலாகாது என்பதே அது. பலகையில் ஏற்கெனவே நிற்கும் காலாளை நகர்த்தி அரசனை வீழ்த்தலாம்; கைக்காலாளை இறக்கி வெறும் முற்றுகை கொடுக்கவும் செய்யலாம்; இறக்கிய மாத்திரத்தில் ஆட்டம் முடிவதுதான் குற்றம். இத்தடையினின்று எழும் நுட்பம் வியக்கத்தக்கது. தேர்க்காய் பதவி உயர்ந்தால் நேர்க்கோடுகளோடு மூலைவாட்டில் ஓரடியும் ஆளும். வலிமை கூடுவது நன்றென்று எவரும் உயர்த்துவர். ஆனால் அந்த ஓரடி அரசனுக்கு எஞ்சியிருந்த ஒற்றை வழியையும் அடைத்துவிடுமாயின், அடுத்துக் காலாளை இறக்குவது இறுதி முற்றுகையாகிவிடும், விதி தடுக்கும், புதிர் அங்கேயே நின்றுபோகும். தேரை உயர்த்தாமல் விட்டாலோ அரசன் அவ்வழியே நழுவுவான். காலாளை இறக்குவதும் குற்றமாகாது. நழுவிய இடத்தில் வேறொரு காய் காத்திருந்து முடிக்கும். தேர்க்காயின் பதவி உயர்வை மறுப்பதால் நன்மை விளையும் இடம் நான் அறிந்தவரை இஃதொன்றே! இதனை அறியாதவர் தேரை உயர்த்திவிட்டுப் பொறியைப் பழிப்பார்.

ஆக்கியோர் பிழை இரண்டாவது. ஒரு புதிருக்கு ஒரே விடை இருத்தல் வேண்டும். எதிர்பாராத மறுவிடை இருந்தால் அதனை 'யோஸுமே' என்பர். கடைசி நகர்த்தலில் மட்டும் அது பொதுவாகப் பொறுக்கப்படும். கன்ஜுவின் தமையனார் மூன்றாம் சோகன் 1734-இல் தந்த புகழ்மிக்க தொகுதியிலும் குறையுடைய புதிர்கள் உண்டு. விடையைக் கணக்கிடாமல் அட்டவணையாகப் பதித்து வைத்த பொறி, சரியான மறுவிடையையும் தள்ளிவிடும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் கையிலுள்ள விடைக்குறிப்பு ஒன்றையே வேதமாகக் கொள்வது போன்றது அது.

மூலப் பொறியின் பிழைக்கு ஷோகியல்லாத சான்று ஒன்று போதும். 1980-இல் வந்த பாக்-மேன் ஆட்டத்தில் 256-ஆம் கட்டம் எட்டியதும் திரையின் வலப்பாதி குழம்பிப்போகும். கட்ட எண்ணுக்கு ஒரே ஒரு பைட்டு இடம். அது 255-க்கு மேல் எண்ணாது. மேம் நிரலிலும் அக்குழப்பம் அப்படியே வருகிறது. வரவும் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதுவோர் தம் விருப்பப்படி பாடத்தைத் திருத்தினால் என்ன நேரும் என்பது தமிழாசிரியர்க்குச் சொல்லத் தேவையில்லை. மூலப் பொறி அழிந்தபின் பெயர்ப்பே சாட்சி; அதில் கைவைத்தால் ஒப்பிட வேறொன்றும் இராது.

பெயர்ப்பின் பிழையும் இல்லாததன்று. ஆல்பா டென்ஷியின் பொறிகள் சிலவற்றில் 8201 என்னும் காப்புச் சில்லு இருந்தது. அதன் உள்நிரல் படித்தெடுக்கப்படும் வரை அதன் நடத்தையை வெளியிலிருந்து ஊகித்தே எழுதி வைத்திருந்தனர். ஊகம் எங்கேனும் தவறலாம். சில்லே முதுமையால் ஒரு பிட்டை இழந்திருக்கவும் கூடும். புதிர் அட்டவணையில் ஒரு பிட்டு மாறினால் பொன் தளபதி வெள்ளித் தளபதியாகி, புதிர் தீராததாகிவிடலாம். மேம் நிரல் சரிபார்ப்பு எண் கொண்டு சில்லுப்படிகளை ஒப்பிடுகிறது. ஆனால் அவ்வெண் நம் படி மேற்கோள் படியோடு ஒத்திருப்பதை மட்டுமே காட்டும். மேற்கோள் படியே பழுதுற்ற சில்லிலிருந்து வந்ததா என்பதைக் காட்டாது. வேறொரு பலகையிலிருந்து மீண்டும் படித்துப் பார்ப்பதே அதற்கு வழி.

எனவே ஆராய்ச்சிக்கும் ஒரு முறை வேண்டும். முதலில் புதிரைப் பொறியினின்று பிரித்தெடுத்து, இக்காலத் தீர்வு நிரல் ஒன்றிடம் கொடுக்க வேண்டும். அந்நிரல்கள் வல்லவை; ஹாஷிமோட்டோ கோஜி ஆக்கிய, 1525 நகர்த்தல் நீளமுடைய புதிரையே தீர்த்தவை. தீர்வு நிரல் நம் விடையை விதிக்கு மாறென்றால் வழக்கு முடிந்தது. இரு விடைகள் காட்டினால் ஆக்கியோர் குறை. ஒரே விடை காட்டி, அதுவே நம் விடையாகவும் இருந்து, பொறி தள்ளினால் மட்டுமே சில்லுப்படியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே பதிந்துள்ள புதிரும் விடையுமே மாறுபட்டிருந்தால், அது மூலத்தின் பிழையோ பழுதுற்ற படியோ என்பதை இரண்டாவது பலகை சொல்லும். சரியான விடை படியில் இருந்தும், உண்மைப் பொறி ஏற்பதைக் கணினியில் ஓடும் நிரல் மறுக்குமாயின், குற்றம் பெயர்ப்பின்மேல் விழும். திருத்தமும் அங்கேதான் செய்யப்படும்.