ஒரு லிட்டர் கம்ப்யூட்டர்... தெரியுமா?

பாலைப் போலக் கம்ப்யூட்டரையும் லிட்டர் கணக்கில் அளக்கிறார்கள், தெரியுமா? லெனோவோவின் 'டைனி', டெல்லின் 'மைக்ரோ', ஹெச்பியின் 'மினி' எல்லாமே சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிகள். நீளமும் அகலமும் தலா 18 சென்டிமீட்டர், தடிமன் வெறும் மூன்றரை. மானிட்டரின் முதுகில் நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டால், வீட்டுக்கு வந்தவர் "சிபியு எங்கே?" என்று மேஜைக்கு அடியில் குனிந்து தேடுவார். டிரஸ்ட்புரம், ரங்கராஜபுரம் பக்கம் ஒற்றை பெட்ரூம் வீட்டில் குடியிருக்கும் கோடம்பாக்கத்துக்காரருக்குத்தான் இதன் அருமை புரியும்!

கரன்ட் பில்லைக் கேட்டால் இன்னும் அசந்துபோவீர்கள். இந்தப் பெட்டி சும்மா விழித்திருக்கும்போது 10 வாட் அளவுதான் குடிக்கிறது. இரவு பகலாக 60 நாள் அணைக்காமல் ஓட்டினாலும் 14 யூனிட்டைத் தாண்டிச் சற்றுத்தான் வரும். பழைய டவர் கம்ப்யூட்டர் 60 வாட் எடுத்தால் அதே இரண்டு மாதத்துக்கு 86 யூனிட்! 2016ல் தமிழக அரசு வீடுகளுக்கு இலவசமாக்கியது 100 யூனிட். அதில் பெரும்பங்கைப் பழைய டவரே தின்றுவிட்டால் மிக்ஸி, ஃபேனுக்கெல்லாம் எங்கே போவது?

கரன்ட் இணைப்பே கொடுக்காமல் ஒரு சிப் ஓடிய கதை தெரியுமா? 1985 ஏப்ரல் 26, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். ஏகார்ன் என்ற கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஏஆர்எம் சிப் வந்து சேர்ந்தது. போர்டில் செருகினார்கள், கச்சிதமாக வேலை செய்தது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால்... பூஜ்யம்! மின் இணைப்பே போய்ச் சேரவில்லை. மற்ற கம்பிகளில் வரும் சிக்னல்களிலிருந்து கசிந்த சொற்ப மின்சாரத்திலேயே சிப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் செல்போனில் இன்று இருப்பது அந்தச் சிப்பின் வாரிசு.

அந்த ஏகார்ன் தயாரித்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கே வந்தது! 1984ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் தொடங்கியபோது வகுப்பறைக்குள் நுழைந்தது அதுதான். மொஹாலியிலிருந்த அரசு நிறுவனம் எஸ்சிஎல், 'யூனிகார்ன்' என்று பெயர் சூட்டி அதை இங்கேயே தயாரித்தது. 1989ல் அந்த ஆலை தீப்பிடித்து நாசமானது. அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. மீண்டெழுந்த அதே எஸ்சிஎல்லில்தான் 2018ல் நம் கிண்டி ஐஐடியின் 'சக்தி' சிப் ஒன்று வார்க்கப்பட்டது!

பிபிசி மைக்ரோவில் விளையாடி வளர்ந்த எபன் அப்டன் பிற்பாடு செய்ததுதான் ராஸ்பெரி பை. லீப் வருடமான 2012ல், பிப்ரவரி 29 அன்று, 35 டாலருக்கு ஒரு முழுக் கம்ப்யூட்டர். மாடல் ஏ, மாடல் பி என்ற பெயர்கள்கூட பிபிசி மைக்ரோவுக்குக் காட்டிய மரியாதை. 2015 நவம்பரில் வந்த 'பை ஸீரோ'வின் விலை 5 டாலர். அதை 'மேக்பை' பத்திரிகை தன் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தது! (நம் வார இதழ்கள் அட்டையில் ஒட்டிக் கொடுத்தது ஷாம்பு பாக்கெட். அதுவும் தலைக்குப் பயன்படுவதுதான்!)

கோடம்பாக்கத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் பழைய பந்தம் உண்டு. ஏ.ஆர்.ரஹ்மான் 1989ல் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டூடியோவைக் கட்டியது இதே கோடம்பாக்கத்தில்தான். வீட்டோடு ஒட்டிய அறையில் கீபோர்டும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்தால் சினிமாவுக்கே இசையமைக்கலாம் என்று 1992ல் 'ரோஜா' காட்டியது. கமலின் 'மகாநதி' 1994ல் ஏவிட் கம்ப்யூட்டரில் எடிட் செய்யப்பட்டது. இந்தியாவிலேயே முதல் படம் என்கிறார்கள். நிறம் சேர்க்கும் 'டாவின்சி' கருவி ஒருகாலத்தில் பல லட்சம் டாலர்; இன்று அதன் சாஃப்ட்வேர் இலவசப் பதிப்பாகவே கிடைக்கிறது. 2024ல் வந்த மேக் மினியில் அது ஜம்மென்று ஓடும். அந்த மேக் மினியின் பக்க அளவு 12.7 சென்டிமீட்டர், வந்தபோது விலை 59,900 ரூபாய். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு உதவி எடிட்டர் கடன்பட்டாவது எட்டிப் பிடிக்கக்கூடிய தொகை.

மலிவான வீட்டுக் கம்ப்யூட்டரைச் செய்துகாட்டச் சென்னையே ஒருமுறை வரிந்துகட்டியது தெரியுமா? 'இந்தியாவேர்ல்ட்' இணையதளங்களை 1999ல் சென்னையின் சத்யம் இன்ஃபோவேக்கு 499 கோடி ரூபாய்க்கு விற்றவர் ராஜேஷ் ஜெயின். அவரும் ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும், அனலாக் டிவைசஸ் நிறுவனர் ரே ஸ்டாட்டாவும் கைகோத்த கம்பெனி 'நொவாட்டியம்'. அவர்களுடைய 'நோவா நெட்பிசி'யில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, வைரஸ் தொல்லை கிடையாது. வேலையெல்லாம் தூரத்து சர்வரில் நடக்கும், கேபிள் டிவி மாதிரி மாதாமாதம் சந்தா. இன்று உலகமே 'கிளவுட்' என்று கொண்டாடும் யோசனைதானே இது! ஆனால் நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே பிராட்பேண்ட் என்று அரசே வரையறுத்திருந்த காலம் அது. பெட்டி கெட்டிக்காரப் பெட்டிதான், கம்பிக்குத்தான் தெம்பில்லை. வீடுகளில் அது பெரிதாகப் பரவவில்லை.

இத்தனை மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்ட மலிவுப் பெட்டி கடைசியில் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்கிறீர்கள்? ஆபீஸ் பின்வாசல் வழியாக! கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் ஒரு லிட்டர் பெட்டிகள் துடைத்துத் துலக்கப்பட்டு மவுண்ட் ரோடு ரிச்சி தெருவுக்கு வருகின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆபீஸுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பெட்டிகள், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் துள்ளி ஓடும். அதிலும் 'பாஸ்' என்ற லினக்ஸ், தரமணியில் இயங்கிய சி-டாக் கிளை உருவாக்கியது. வானிலை கணிக்க இந்தியா கேட்ட பெரிய க்ரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்தபோது, நாமே செய்துகொள்வோம் என்று 1988ல் பிறந்த நிறுவனம்தான் இந்த சி-டாக்!

பள்ளிப் பிள்ளைக்கு முதல் கம்ப்யூட்டர் என்றால் ராஸ்பெரி பையைவிட இந்தப் பழைய பெட்டிக்குத்தான் என் ஓட்டு. ராமை நாமே கூட்டிக்கொள்ளலாம், எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆபீஸில் ஓடியவை என்பதால் பலவற்றில் வைஃபை கார்டே இருக்காது. கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். அடாப்டர் பெட்டியோடு வந்ததுதானா என்று கேளுங்கள், அதைத் தனியாக வாங்கினால் தண்டச்செலவு.