உங்களுக்குத் தெரியுமா? மக்கள் வாக்களித்துத் தந்த திருமண உரிமை

ஒருபால் திருமணத்தை நாடு தழுவிய மக்கள் வாக்கெடுப்பின் மூலம் சட்டபூர்வமாக்கிய முதல் நாடு அயர்லாந்து.

கத்தோலிக்கத் திருச்சபை ஆழமாக வேரூன்றிய அந்நாட்டில், 1993 வரை ஆண்களிடையேயான ஒருபாலுறவு குற்றம். 1995இல் நடந்த வாக்கெடுப்பு வரை விவாகரத்துக்கும் இடமில்லை. 2015 மே 22 அன்று திருமண உரிமைக்கான வாக்கெடுப்பு வந்தபோது, ஆயர்கள் சுற்றுமடல் எழுதி எதிர்த்தார்கள். வெளிநாட்டில் இருந்த இளைஞர்கள் பலரோ விமானத்திலும் கப்பலிலும் ஊர் திரும்பி வாக்களித்தார்கள்.

ஆதரவு 62 சதவீதம். 43 தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் எதிர்த்தது.

இத்திருமணங்களை நடத்திவைத்தே ஆக வேண்டும் என்று எந்தப் பாதிரியாரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வழிபாட்டுச் சுதந்திரமும் சம உரிமையும் ஒரே நாட்டில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அயர்லாந்தே சான்று.