இரண்டு பேட்டரி ஸ்கூட்டர், ஒரு மீட்டர்



நம் ஒடுகத்தூரிலும் பேட்டரி ஸ்கூட்டர் பெருகி வருகிறது. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் மகனுக்கு ஒன்று, ஆசிரியை வேலைக்குப் போகும் மருமகளுக்கு ஒன்று என்று ஒரே வீட்டு வாசலில் இரண்டு நிற்பது இப்போது அதிசயமில்லை. கூடவே அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. "ராத்திரி தூங்கப் போகும்போது சார்ஜில் போட்டால் கரண்ட் பில் பாதியாகுமாமே?"

ஆகாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரவானாலும் பகலானாலும் யூனிட் விலை ஒன்றுதான்.

இந்தப் பேச்சு வெளிநாட்டிலிருந்து வந்தது. பிரிட்டனில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருக்கும் குடும்பம், நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி விடியற்காலை வரை சார்ஜ் போட்டுக்கொள்கிறது. அதற்கென உள்ள திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்த நேரத்து யூனிட் விலை பகல் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஊர் உறங்கும் நேரத்தில் மின்சாரம் கேட்பவர் குறைவு, காற்றாலையோ சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் விலையைக் குறைத்து விற்கிறார்கள். அங்குள்ள ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு தடவை கணக்கு எழுதும். நம் வீட்டு மீட்டர் மொத்த யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது. எந்த நேரத்தில் செலவானது என்று அதற்குத் தெரியாது.

நேரத்துக்கு ஒரு விலை என்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் தோல் தொழிற்சாலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. வீடுகளுக்கும் இது ஒரு நாள் வரலாம். 2023 ஜூனில் ஒன்றிய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிகள் அந்தத் திசையில்தான் போகின்றன. ஆனால் அவற்றில் சலுகை சூரிய ஒளி உள்ள பகல் நேரத்துக்கு, குறைந்தது 20 சதவீதம். பிரிட்டனுக்கு இரவு மலிவு என்றால், வெயில் கொளுத்தும் நமக்குப் பகல்தான் மலிவாகும்.

இன்றைய நிலையில் நாம் கண் வைக்க வேண்டியது கடிகாரத்தின் மீதல்ல, 500 என்ற எண்ணின் மீது.

இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். அந்தக் கட்டணத்தில் 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் ஏறியது எப்படி? 500-ஐத் தாண்டியதும் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விட்டது. 101-லிருந்தே 4.50 என்று கணக்கிட்டார்கள். தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய், 600-க்கு மேல் 9 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போனது. 2024 ஜூலையில் விலை சற்று ஏறியது, ஆனால் இந்தப் படிக்கட்டு அப்படியே இருந்தது.

ஸ்கூட்டர் ஒன்று நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் சுமார் ஒன்றரை யூனிட் குடிக்கும். 60 நாளில் 90 யூனிட், இரண்டு வண்டிக்கு 180. அந்த 2022 கட்டணப்படி, 340 யூனிட் ஓடி 855 ரூபாய் கட்டிய வீடு 520-க்கு வந்தால் 2,110 ரூபாய் கட்டும். அந்தக் கடைசி 20 யூனிட்டைத் தவிர்த்திருந்தால் 385 ரூபாய் மிச்சம். ஆகவே ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 30-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் ஏ.சி., கீசர், மோட்டார் இவற்றில் எதைக் குறைக்கலாம் என்று வீட்டுத் தாய்மார்களோடு பேசி முடிவெடுங்கள்.

பில்லைப் பார்த்துப் பதறி வண்டியை விற்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவசரம் வேண்டாம். அதே 4,800 கிலோமீட்டரைப் பெட்ரோலில் ஓட்டினால் சுமார் 100 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் பத்தாயிரம் ரூபாய். 2022 கட்டணப்படி கூடியிருக்கும் கரண்ட் செலவு 1,255 ரூபாய்தான்.

சிலர் வேறு யோசனை சொல்கிறார்கள். வண்டிக்கென்று இன்னொரு இணைப்பு வாங்கி இலவச யூனிட்டை இரட்டிப்பாக்கலாமாம். ஒரே குடும்பம் ஒன்றாக வாழும் வீட்டுக்கு அது முறையல்ல. அரசின் மானியத்தைப் பொய் சொல்லி வாங்குவது நமக்குத் தேவையும் இல்லை.

இரவு சார்ஜைப் பற்றி நாம் இவ்வளவு எழுதக் காரணம் பில் மட்டுமல்ல. 2022 மார்ச் இறுதியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். வாங்கிச் சில நாளே ஆன ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்தார்கள். தீப்பிடித்தது. தந்தையும் பள்ளியில் படிக்கும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். இல்லாத சலுகைக்காக எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் போடுவது ஏன்?

நமக்குத் தோதான நேரம் ஃபஜ்ருக்குப் பிறகு. தொழுதுவிட்டு வந்து சார்ஜில் போட்டால், ஒரு நாள் ஓட்டத்துக்கான ஒன்றரை யூனிட் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். வேலைக்குக் கிளம்பும் முன் முடிந்துவிடும், வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள், முந்தைய நாள் ஓடிய சூடும் பேட்டரியில் இருக்காது. மஃரிபுக்கு வீடு திரும்பியதும் சூடாக இருக்கும் வண்டியில் பிளக்கைச் செருகாதீர்கள். ஊரெங்கும் விளக்கும் ஃபேனும் டி.வி.யும் ஓடி டிரான்ஸ்ஃபார்மர் திணறுவதும் அந்த நேரத்தில்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். இரண்டு வண்டியையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து பிரித்துப் போடாமல் ஒன்று முடிந்த பின் மற்றொன்று போடலாம், அல்லது தனி வயர் இழுக்கலாம். பழைய ஓட்டு வீடுகளில் வயரிங் எத்தனை வருடத்துப் பழசு என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டுக்கு ஒரே வாசல் என்றால் அந்த வாசலை அடைத்தபடி வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முந்தைய வண்டி மலிவாகக் கிடைத்தால், விலை பேசும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.